பீவிக்கு என்ன தெரியும்?

பாலக்கரை, திருச்சி
2 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி நஜிமுதீனுக்கு, அக்கா ஜஹானாரா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், என் முழங்காலைத் தவிர. அது தனி நாடாகிவிட்டது, நான் சொன்னால் கேட்பதில்லை. உன் சளி, இருமல், வழுக்கை எல்லாம் எப்படி இருக்கின்றன? வழுக்கை நன்றாகத்தான் வளர்ந்திருக்கும்.

நல்ல சேதி. உன் மகள் தஸ்லிமாவின் நிக்காஹ் ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை. காட்டூர் மாப்பிள்ளை அப்துல் அஹத் வீட்டார் நேற்று வந்து நாள் குறித்தார்கள். "சம்பந்தி சார்ஜாவிலேருந்து எப்ப வர்றாருங்க?" என்று மாப்பிள்ளையின் அத்தா போகும்போது ஒரு தடவை, செருப்பு மாட்டும்போது ஒரு தடவை கேட்டார். உன் மகள் உள்ளே இருந்து என் காதில் சொன்னாள்: "மாமி, பொண்ணு குடுக்குற எடத்துல எங்க அத்தாதான் உக்காரணும். வேற யாரு உக்காந்தாலும் நான் சம்மதம்னு சொல்ல மாட்டேன்." அவள் அம்மா மௌத்தான பிறகு சோறு ஊட்டி வளர்த்தது நான். பிடிவாதம் மட்டும் எப்படியோ உன்னிடமிருந்து போயிருக்கிறது. லீவைச் சொல்லி வை. பரீட்சையில் தோற்றபோது அத்தா "மார்க்கு என்னடா?" என்று கேட்டதற்கே பம்பாய் ரயில் ஏறியவன் நீ. இப்போது ஏறவேண்டியது ஊருக்கு வருகிற விமானம், ஞாபகம் இருக்கட்டும்.

பக்கத்து வீட்டு ஜென்சி நான் பகடை உருட்டுவதைப் பார்த்துவிட்டாள். "என்ன மாமி ஆட்டம் இது? பலகையும் இல்ல, காயும் இல்ல."

"அதெல்லாம் சார்ஜாவுல எங்க தம்பி ரூம் மேசை மேல இருக்கு. வெள்ளிக்கிழமை ஆனா நாலஞ்சு பேரு சுத்தி உக்காந்து ஆடுவாங்களாம். எனக்குக் கடுதாசியில. அவன் கதை சொல்லுவான். அதுல நான் ஒரு சண்டைக்காரி, பேரு உலக்கை பீவி. பீவி என்ன பண்றான்னு நான் எழுதணும். அது பலிச்சுதா இல்லையான்னு பகடை சொல்லும்."

"போன்ல ஆடலாம்ல?"

"ஆடுனோம்டி. அவன் 'ம்ம்'னு இழுக்குற இழுவையிலயே எதிராளி கையில என்ன இருக்குன்னு நான் கண்டுபிடிச்சிடுவேன். போன்ல கூடாதுன்னு சட்டம் போட்டுட்டான்."

சட்டம் போட்டதோடு பேச்சையும் நிறுத்திவிட்டாயே. தஸ்லிமாவுக்கு வாட்ஸப்பில் "சாப்டியாமா" என்று எழுத்துதான் வருகிறது.

சரி, ஆட்டத்துக்கு வா. ஆறு மதிலைத் தாண்டி ஏழாவது வாசலுக்குப் பீவி வந்துவிட்டாள். அங்கே முகமூடி போட்ட ஒரு காவல்காரன் நிற்கிறான் என்கிறாய். அவனுக்கு என்ன பலம், கையில் என்ன, ஒன்றும் சொல்லாமல் "அடிக்கிறாயா?" என்று கேட்டால் எப்படி? கறிக்கடையில்கூட ஆடா கோழியா என்று சொல்லிவிட்டுத்தான் வெட்டுவார்கள்.

நம் மீரானின் செல்போன் கடையில் இதைக் கொடுக்கிறேன். உன் கேம்ப் ஆள் ஒருவர் லீவு முடிந்து திரும்புகிறாராம்.

உன் நெற்றியைத் தடவி துஆ செய்யும்
அக்கா

---

சார்ஜா
16 பிப்ரவரி 2025

அக்காவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம். இருமல் இல்லை. நீ முழங்காலுக்குத் தைலம் போடு, பேச்சைக் குறைத்தாலும் கொஞ்சம் குறையும்.

நிக்காஹ் சேதி படித்து மனசு நிறைந்தது. தஸ்லிமாவிடம் சொல். லீவு பற்றிக் கம்பெனியில் கேட்டிருக்கிறேன். இப்போது வேலை நெருக்கடி. பார்க்கலாம்.

காவல்காரனைப் பற்றி நான் சொல்ல முடியாது. கேம்ப்பில் ஆடும்போதும் இதுதான் பெரிய சண்டை. எதிராளியின் பலம் ஆடுகிறவருக்குத் தெரிந்துவிட்டால் பிறகு பயம் ஏது? ஆகவே இரண்டு விதி. ஒன்று: உலக்கை பீவிக்குத் தெரியாத ஒன்றை, ஜஹானாராவுக்குத் தெரிந்தாலும், வைத்து ஆடக்கூடாது. மீறினால் பீவி தோற்றாள். இரண்டு: தெரிந்தே ஆகவேண்டும் என்றால் உன் முறையை விட்டுக்கொடுத்து எதிராளியை உற்றுப் பார்க்கலாம். பகடையில் நான்கு அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஒரு கேள்வி. உண்மை மட்டும்தான் பதிலாக வரும். உருட்டும்போது பக்கத்தில் சாட்சி வேண்டும், ஏனென்றால் உன்னை எனக்குத் தெரியும்.

காவல்காரன் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறான். நகரவில்லை. பீவி என்ன செய்கிறாள்?

ஸலாமுடன்
நஜிமுதீன்

---

பாலக்கரை
1 மார்ச் 2025

என் தம்பிக்கு, அக்காவின் ஸலாமும் நோன்பு வாழ்த்தும். உங்களுக்கு இன்றைக்கே தலை நோன்பு, எங்களுக்குப் பிறை இப்போதுதான் தெரிந்தது. வருஷா வருஷம் இதே கதை. அங்கே ஒரு நாள் முந்திப் பிடித்து, ஒரு நாள் முந்திப் பெருநாள் பிரியாணி தின்று, நாங்கள் காய்ந்து கிடக்கும்போது அதைப் படம் பிடித்து அனுப்புவாய். இந்த வருஷம் அனுப்பினால் உன் நம்பரையே அழித்துவிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் நோன்போடு மாடியில் ஏறாதே.

மாப்பிள்ளை வீட்டில் மறுபடி கேட்டார்கள். "அத்தா இருக்குற பொண்ணுக்கு அத்தா வராம எப்படிங்க? ரம்ஜான் முடிஞ்சு ஒரு முடிவு சொல்லிடுங்க. இல்லாட்டி நாளைத் தள்ளிப்போடுவோம்." மரியாதையாகத்தான் சொன்னார். தஸ்லிமா மட்டும் அன்றைக்கு வெளியே வரவில்லை.

பீவி முறையை விட்டுக்கொடுத்தாள். தஸ்லிமாவைச் சாட்சி வைத்து உருட்டினேன். முதலில் இரண்டு விழுந்தது, அது கட்டில் காலில் முட்டியதால் செல்லாது. அடுத்து ஆறு. "மாமி, இது அழுகுணி ஆட்டம்" என்கிறாள் சாட்சி. அவளை விடு.

கேள்வி: காவல்காரனிடம் என்ன ஆயுதம் இருக்கிறது?

ஒவ்வொரு தொழுகையிலும் உன் பெயரைச் சொல்லும்
அக்கா

---

சார்ஜா
30 மார்ச் 2025

அக்காவுக்கு, ஸலாம். நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க துஆ.

இன்று இருபத்தொன்பதாவது நோன்பு. சாயங்காலம் பிறை தெரிந்தால் நாளை பெருநாள். கஞ்சிக்கு உன் கைச் சட்னி இல்லாமல் ஒரு மாதம் ஓடிவிட்டது.

லீவு கிடைக்கவில்லை அக்கா. இரண்டு முறை கேட்டுவிட்டேன். நான் எழுதிக் கொடுக்கிறேன், என் சார்பில் மீரான் உட்காரட்டும். அப்படி எத்தனையோ நிக்காஹ் நடக்கிறது. தஸ்லிமாவிடம் நீ எடுத்துச் சொன்னால் கேட்பாள். மாப்பிள்ளை வீட்டாரிடம், சூப்பர்வைசர் வேலை, விட்டுவிட்டு வர முடியாது என்று சொல்.

உன் கேள்விக்குப் பதில், விதிப்படி உண்மை: காவல்காரனிடம் ஆயுதமே இல்லை. இருப்பதுபோல் நிற்கிறான்.

பெருநாள் வாழ்த்துடன்
நஜிமுதீன்

---

பாலக்கரை
3 ஏப்ரல் 2025

மீரான் தம்பிக்கு, ஜஹானாரா அக்கா எழுதுவது. நலமா? உன் வீட்டுக்காரி ஆஃப்ரினும் பிள்ளைகளும் நலமா? உன் கடையில் எப்போதும் செல்போன் வாங்க ஆள் நிற்கிறது, வாய்விட்டுக் கேட்க முடியாது. ஆகவே கேரியரின் மேல் அடுக்கில் இதை வைத்திருக்கிறேன். அடுத்த அடுக்கில் இடியாப்பம். முதலில் இதைப் படி, பிறகு தின்றால் தொண்டையில் இறங்கும்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆனால் பிறை பார்க்கத் தெரியும். மார்ச் முப்பதாம் தேதி சார்ஜாவில் பெருநாள். உன் மச்சானே அங்கிருந்து புதுச் சட்டையோடு படம் போட்டிருந்தார். அதே முப்பதாம் தேதி என் தம்பி "இன்று இருபத்தொன்பதாவது நோன்பு" என்று எழுதுகிறான். இருபத்தொன்பதாவது நோன்பு அன்றைக்கு யாருக்கு? எனக்கு. உனக்கு. பாலக்கரைக்கு.

அவன் எங்கே இருக்கிறான்? என்னிடம் சுற்றி வளைக்காதே. கேரியர் திரும்பி வரும்போது பதிலும் வரட்டும்.

அக்கா

---

5 ஏப்ரல் 2025

அக்காவுக்கு மீரான் ஸலாம் சொல்லி எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம். இடியாப்பம் இறங்கவில்லை.

மன்னித்துவிடுங்கள். டிசம்பரில் கம்பெனியை மூடி எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். நஜிம் அண்ணன் அப்போதே வந்துவிட்டார். ஸ்ரீரங்கத்தில் ஒரு லாட்ஜில் ஏசி பார்க்கிற வேலை, அங்கேயே படுக்கை. நம் ஆட்கள் அந்தப் பக்கம் அதிகம் வரமாட்டார்கள் என்று அந்த இடத்தைப் பிடித்தார். கடிதங்களை நான்தான் கொண்டுபோய்க் கொண்டுவருகிறேன். "சார்ஜா சூப்பர்வைசர் மகள்னு பேசித்தான் சம்பந்தம் ஆச்சு. இப்ப லாட்ஜுல ஏசி கழுவுறவன் மகள்னு தெரிஞ்சா என் புள்ளை தலை குனிஞ்சிடும் மீரான்" என்று சொல்லி அழுதார்.

அக்கா, உங்களுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் அன்றைக்கே ரயில் ஏறிவிடுவார். பம்பாய்க் கதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நீங்களே நேரில் போய் நிற்கவும் வேண்டாம்.

கேரியரை ஆஃப்ரின் கழுவி வைத்தாள்.

மீரான்

---

பாலக்கரை
20 ஏப்ரல் 2025

அன்புத் தம்பிக்கு, அக்காவின் ஸலாம். சுகம். உன் சுகத்துக்கு துஆ. அங்கே வெயில் எப்படி? இங்கே காவிரியில் மணல்தான் ஓடுகிறது.

கொஞ்ச நாள் எழுதவில்லை. கை வலி. வேறொன்றுமில்லை.

மாப்பிள்ளை வீட்டாருக்கு மே மாதக் கடைசிவரை தவணை வாங்கியிருக்கிறேன். மீரான் உட்காருவது பற்றித் தஸ்லிமாவிடம் சொன்னேன். "மீரான் மாமாவுக்கு நான் பிரியாணி போடுறேன். பொண்ணு குடுக்கச் சொல்ல மாட்டேன்" என்றாள். நீயே உன் மகளிடம் சொல்லிக்கொள்.

ஆட்டம். எதிரியிடம் ஆயுதம் இல்லை என்று பீவிக்குத் தெரிந்துவிட்டது. நீ நினைப்பாய், உலக்கையால் ஒரே போடு போட்டுவிட்டு உள்ளே போவாள் என்று. இல்லை. பீவி உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாசலுக்கு எதிரில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தாள். "ஏம்ப்பா, பசிக்குதா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் இந்த முறைக்கு.

ஒரு சந்தேகம். முந்தைய கோட்டைகளை எல்லாம் பாலைவனத்தில் வைத்தாய். இந்தக் கோட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு ஆறு, அந்தப் பக்கம் ஒரு ஆறு, நடுவில் ஏழு மதில். எங்கேயிருந்து பிடித்தாய் இவ்வளவு அழகான இடத்தை? பீவிக்குப் பிடித்திருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா

---

சார்ஜா
21 மே 2025

அக்காவுக்கு, ஸலாம். பதில் எழுதத் தாமதம். நலம்.

கம்பெனி என்னை வேறு இடத்துக்கு மாற்றுகிறது. இரண்டு வருஷம். அங்கே கடிதம் போக வர வசதி இல்லை. புறப்படும் நாள் இந்த மாதக் கடைசி. நிக்காஹ்வுக்கான பொறுப்பை மீரான் பெயரில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். தஸ்லிமாவைச் சமாதானப்படுத்து. கோபித்தால் கோபிக்கட்டும், பிறகு சரியாகிவிடும்.

ஆட்டத்தை இதோடு முடித்துக்கொள்வோம். காவல்காரன் சோற்றைத் தொடவில்லை. கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டான்.

உன் துஆவை நாடும்
நஜிமுதீன்

(அக்கா, இது மீரான், ஓரத்தில் எழுதுகிறேன். ஆறு, மதில் என்று நீங்கள் எழுதியதிலிருந்து அவர் தூங்குவதில்லை. பை கட்டியாகிவிட்டது. கோயம்புத்தூரில் யாரோ வேலை சொல்லியிருக்கிறார்களாம். அதற்குப் பிறகு எங்கே என்று என்னிடமும் சொல்ல மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?)

---

பாலக்கரை
24 மே 2025

நஜிமு, அக்காவின் ஸலாம். எல்லோரும் சுகமாக இருக்கிறோம் என்றுதான் எழுதவேண்டும், எழுதிவிட்டேன்.

உன் எழுத்து கிடைத்தது. மடித்து அலமாரியில் வைத்திருக்கிறேன். தஸ்லிமாவிடம் காட்டவில்லை.

நீ போகிற இடத்துக்குப் போ. நான் தடுக்கவில்லை. ஆனால் ஆட்டத்தைப் பாதியில் முடிக்க உன்னால் முடியாது. முறை யாருடையது? பீவி சோறு பிரித்ததோடு என் முறை முடிந்தது. கதவைத் தாழிட்டது பதில், ஆட்டம் அல்ல. காவல்காரனுக்கு ஒரு முறை பாக்கி.

இன்னொன்று கேட்கிறேன். நான் அவனை உற்றுப் பார்த்தேன். அவன் என்றைக்காவது பீவியை உற்றுப் பார்த்தானா? அவள் யார், அவளிடம் என்ன பலம், எதற்காக அடிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள், ஏதாவது தெரியுமா அவனுக்கு? எதிராளியைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் கதவைச் சாத்துகிற காவல்காரனை நான் பார்த்ததில்லை. பூனைகூட ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஓடும்.

என் பகடையை இதற்குள் வைத்திருக்கிறேன். நீ உருட்டு. சாட்சி யாரை வேண்டுமானாலும் வை. நான்குக்குக் கீழே விழுந்தால் உன் இஷ்டம், போய்விடு, பீவியும் உலக்கையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள். மேலே விழுந்தால் ஒரு கேள்வி கேள். விதிப்படி உண்மையைச் சொல்வேன். கேட்காமல் நானாக ஒன்றும் சொல்லமாட்டேன்.

கட்டில் காலில் முட்டினால் செல்லாது.

அக்கா

---

26 மே 2025

அக்காவுக்கு, ஸலாம்.

முதலில் மூன்று விழுந்தது. பைமேல் முட்டியது, அதனால் செல்லாது என்று மீரான் சொன்னான். முட்டவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. மறுபடி உருட்டினேன். ஐந்து.

கேள்வி: பீவிக்கு என்ன தெரியும்?

நஜிமுதீன்

---

பாலக்கரை
27 மே 2025

என் தம்பிக்கு, என் முழு ஸலாம்.

முதல் தடவை மூன்று விழுந்தும் மறுபடி உருட்டினாய் பார், அப்போதே எனக்கு உயிர் வந்தது.

விதிப்படி உண்மை. பீவிக்குப் பிறை தெரியும். சார்ஜாவில் எந்த நாள் பெருநாள், பாலக்கரையில் எந்த நாள் என்று தெரியும். நீ எங்களோடு சேர்ந்து அதே நாளில் நோன்பு பிடித்தாய் என்று ஏப்ரல் மாதமே தெரியும். மீரானை அடிக்காதே, அவன் வாயை நான்தான் பிடுங்கினேன்.

ஏப்ரலில் ஒரு நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி வந்தேன். கண்டக்டர் "எங்கம்மா எறங்கணும்?" என்றார். "ஏழாவது வாசல்" என்று சொல்ல வாய் வந்தது. லாட்ஜுக்கு எதிரே பூக்கடைப் பந்தலுக்குப் பின்னால் நின்றேன். நீ ஏணியில் நின்று ஏசிப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாய். கீழே போன ஒரு மாமி, "தண்ணி தெறிக்கறதுப்பா!" என்று சத்தம் போட்டார். "மன்னிச்சுக்குங்கம்மா, பார்க்கல" என்றாய். எத்தனை மாதம் கழித்து உன் குரலைக் கேட்டேன் தெரியுமா? பூக்காரி "உங்களுக்கு எவ்வளவு மொழம்மா வேணும்?" என்று கேட்டதும் நான் அழுதுவிட்டேன். அவள் பயந்துபோய் ஒரு முழம் சும்மாவே கொடுத்தாள்.

நான் கூப்பிடவில்லை. கையைப் பிடித்து இழுத்தால் நீ திமிறிக்கொண்டு ஓடுவாய். அன்றைக்கு அத்தா பிடித்தார், ஓடினாய். ஆகவே உலக்கையைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். பீவிக்குத் தெரியாததை வைத்து நான் ஆடவும் இல்லை. ஆறு, மதில் என்று கொஞ்சம் கிள்ளினேன், அது என் பிறவிக் குணம்.

ஆனால் தஸ்லிமா ஆட்டத்தில் இல்லை, அவளுக்கு விதியும் இல்லை. பூவும் அழுத கண்ணுமாக வந்து நின்ற என்னைப் பார்த்து என்னென்று கேட்டாள், சொன்னேன். மறுநாள், "சார்ஜான்னா விசா வேணும். ஸ்ரீரங்கம்னா பஸ்ஸு போதும். அத்தாவுக்கு இது தெரியலையா மாமி?" என்றாள். பிறகு அவளே மாப்பிள்ளை அஹத்திடம் சொல்லியிருக்கிறாள். போன வாரம் காட்டூரிலிருந்து மாப்பிள்ளையின் அத்தா வந்தார். நாளைத் தள்ளிவைக்க வந்தார் என்று நினைத்து நான் நாற்காலியைக்கூடத் துடைக்கவில்லை. உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், "சம்பந்தி ஏசி மெக்கானிக்காமே?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

"எங்க வீட்டு ஏசி ரெண்டு வருஷமா ஒழுகுதுங்க. கீழ பக்கெட்டு வச்சுக்கிட்டுப் படுக்கிறோம். எத்தனை பேரைக் கூப்பிட்டாச்சு, ஒருத்தனும் சரியாப் பாக்கல. சம்பந்திகிட்ட எப்படிக் கேக்குறது, மரியாதையா இருக்காதேன்னு பாக்குறேன்."

நஜிமு, நீ ஐந்து மாதமாகக் கதவுக்குப் பின்னால் நின்று யாரைத் தடுக்கிறாயோ, அந்த எதிராளி வாசலில் வாளியோடு நிற்கிறார்.

பீவிக்குத் தெரிந்தது இவ்வளவுதான். முறை உன்னுடையது.

அக்கா

---

ஸ்ரீரங்கம்
28 மே 2025

அக்காவுக்கு, நஜிமுதீன் ஸலாம் சொல்லி எழுதுவது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் சுகமில்லை. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. இதை உன்னிடம் எழுதியபிறகு இறங்கும் என்று நினைக்கிறேன்.

மேலே ஊர்ப் பெயரை எழுத இவ்வளவு நேரம் ஆயிற்று.

பையைப் பிரித்துவிட்டேன். உடுப்பை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, பழுது பார்க்கிற சாமான்களை மட்டும் உள்ளே போட்டிருக்கிறேன். தண்ணீர் ஒழுகினால் பெரும்பாலும் குழாய் அடைப்புதான், ஒரு மணி நேர வேலை. சம்பந்தியிடம் சொல். இல்லை, நானே சொல்கிறேன்.

மீரான் பெயரில் எழுதிக் கொடுத்ததைக் கிழித்துவிடு. அந்த இடத்தில் நான் உட்காருவேன்.

காவல்காரன் தாழை நீக்கினான். முகமூடியைக் கழற்றி உலக்கைக்குப் பக்கத்தில் வைத்தான். சோறு மிச்சம் இருக்கிறதா என்று கேட்கிறான்.

இந்தக் கடிதத்தை மீரான் கொண்டுவரவில்லை. இந்தக் கடைசி வரிகளை உன் வாசலில் நின்று எழுதி, கதவிடுக்கில் நானே போடுகிறேன். உள்ளே தஸ்லிமாவின் பேச்சு கேட்கிறது. தட்டக் கை வரவில்லை அக்கா. படித்து முடித்துவிட்டாய் என்றால் கதவைத் திற.

உலக்கை வேண்டாம்.

தம்பி